தும்பிலி மீனைத் துண்டு போடாதீங்க, சுரண்டி உருண்டை பிடிங்க

பாளையங்கோட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று தும்பிலியை வாங்கி, துண்டு போட்டுக் குழம்பு வைத்தால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். சதையில் தண்ணீர் அதிகம், கொதித்தால் உதிரும், உள்ளே மயிர் மாதிரி முள் வேறு. ஆனால் உப்புப் போட்டுப் பிசைந்தால் இதன் சதை போல ஒட்டுகிற சதை குறைவு, ஜப்பானில் மீன் கேக் (மீன்சதையை அரைத்து வேகவைத்துச் செய்யும் பண்டம்) செய்ய இந்த இனத்தை வாங்குவதே அதற்குத்தான்.

சில ஊர்களில் தண்ணிப்பன்னா என்பார்கள். உருளை உடம்பு, பல்லித் தலை, வாயை மூடினாலும் வெளியே தெரிகிற ஊசிப்பல். மணலில் புதைந்து கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும் மீன் என்பதால் தரையை உரசி வரும் இழுவலையில்தான் அதிகம் சிக்கும். அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், இதைத் தேடி அலைய வேண்டாம்.

கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், வயிறு தளர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். முழங்கை நீளத்துக்குக் கிடைத்தால் சுரண்டுவது சுலபம். வாய்க்குள் விரலை விடாதீர்கள், நாக்கில்கூடப் பல் உண்டு, செத்த மீனும் கிழிக்கும். தலையை வெட்டிக் குடலை எடுக்கும்போது உள்ளே முழுசாக ஒரு சின்ன மீன் கிடந்தால் பயப்பட வேண்டாம், அது அதன் கடைசிச் சாப்பாடு.

செதில் நீக்கி, நடுமுள்ளை ஒட்டி இரண்டு பக்கமும் சதையைக் கீறி எடுங்கள். தோல் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கரண்டியால் மெதுவாகச் சுரண்டுங்கள், அவசரப்பட்டு அழுத்தினால் முள்ளும் சேர்ந்து வந்துவிடும். அரைக் கிலோ சதைக்கு 10 கிராம் உப்பு. பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்து ஒரே பக்கமாகப் பிசையுங்கள், சூடு ஏறினால் பசை பிடிக்காது. கையில் ஒட்டி இழுபடும் பதம் வந்த பிறகுதான் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை எல்லாம். முதலிலேயே போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுக் காரியத்தைக் கெடுக்கும்.

அப்புறம் குழம்பு. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துவிட்ட நம்மூர்ப் புளிக்குழம்பே போதும். பிசைந்த சதையை உருண்டை பிடித்து, பருப்பு உருண்டைக் குழம்புக்குப் போடுவது போலக் கொதியில் ஒவ்வொன்றாக விடுங்கள். மேலே மிதந்து வந்ததும் சில நிமிடம் மிதமான தீயில் வைத்து இறக்குங்கள், அதற்குள் கரண்டியை விட்டுக் கிண்டாதீர்கள்.

மீனை ஃப்ரீசரில் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று நினைக்காதீர்கள். நாள்பட்டால் இந்தச் சதையில் ஃபார்மால்டிஹைடு, அதாவது மீன் கெடாமலிருக்கச் சிலர் தடவும் ஃபார்மலினில் இருக்கிற ரசாயனம், தானாகவே உண்டாகும், யாரும் தடவ வேண்டியதில்லை. அதனால் சதை நார்நாராகிவிடும், எவ்வளவு பிசைந்தாலும் ஒட்டாது.