அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஜவ்வரிசி உப்புமா டிபன் பாக்ஸ்

இட்லி வேண்டாம், சாதம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும் பிள்ளைகூட ஜவ்வரிசியை ஒரு வாய் தொட்டுப் பார்க்கும். கண்ணாடி மணி மாதிரி இருப்பதாலோ என்னவோ. சேலத்து ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. ஆனாலும் நம் வீடுகளில் அது பாயசத்தையும் வடகத்தையும் தாண்டி அதிகம் வருவதில்லை.

கடையில் கேட்கும்போதே கவனம் வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் மாவு ஜவ்வரிசி, நைலான் ஜவ்வரிசி என்று இரண்டும் கிடைக்கும். உப்புமாவுக்கு மாவு ஜவ்வரிசிதான். வெள்ளை வெளேரென்று, தொட்டால் கையில் மாவு ஒட்டும். நைலான் பளபளவென்று கெட்டியாக இருக்கும், அது பாயசத்துக்குப் போகட்டும்.

முதல் நாள் இரவு: அரை கப் ஜவ்வரிசியை, தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். மேல்மாவு போகாவிட்டால் காலையில் பசை கிண்ட வேண்டியதுதான். பிறகு ஜவ்வரிசி மட்டத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

காலையில்: ஒன்றை எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் கடினம் இல்லாமல் மசிந்தால் சரி. வடிகட்டியில் பத்து நிமிடம் போடுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கிப் பொடித்து, உப்போடு சேர்த்து ஜவ்வரிசியில் பிசறுங்கள். மணிகள் ஒட்டாமல் இருக்க இந்தப் பொடிதான் காவல். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து என்பதால், புரதத்துக்கும் கடலை வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும், அதனால் பொடியாகவே போடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால், பொட்டுக்கடலை ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்த பிள்ளைக்கு மட்டும் பொட்டுக்கடலைப் பொடி போடுங்கள்.

வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை. துருவிய கேரட்டை வதக்கி, ஜவ்வரிசியைக் கொட்டி, மிதமான தீயில் மெதுவாகப் புரட்டுங்கள். மூடி போட வேண்டாம். வெள்ளை மறைந்து மணிகள் தெளிந்ததும் இறக்குங்கள், ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். பச்சை மிளகாய்க்குப் பதில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள். ஏற்காட்டு மிளகு கிடைத்தால் வாசனைக்கே பிள்ளை வந்து நிற்கும்.

இறக்கியபின் எலுமிச்சைச் சாறு சில சொட்டு. தட்டில் பரப்பி ஆவி போனபிறகே டப்பாவில் போடுங்கள். ஆறினால் கொஞ்சம் இறுகத்தான் செய்யும், ஆகவே எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். புதுப் பண்டத்தை நேரே பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் டப்பாவில் பாதி இது, பாதி பிடித்தது என்று வையுங்கள்.

ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு நம்ம சேலத்துத் தட்டுவடை செட் (மொறுமொறு தட்டைகளுக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும்) இருக்கவே இருக்கிறது. பீட்ரூட் பொரியலைத் தொடாத பிள்ளை, அதே பீட்ரூட்டைத் துருவித் தட்டுவடை மேல் வைத்தால் தின்றுவிடும், அதுவும் தானே அடுக்கித் தின்னச் சொன்னால். தட்டுவடை, துருவல், சட்னி மூன்றையும் தனித்தனியாக வையுங்கள், சேர்த்து வைத்தால் நமத்துவிடும். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் கெட்டுப்போகும், புதினாச் சட்னியே வையுங்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தட்டுவடையைச் சின்னதாக உடைத்துக் கொடுங்கள்.