லினக்ஸ் கெர்னலைப் புதுப்பிப்பது எப்படி? புது வன்பொருளும் பேட்டரியும் சரியாக வேலை செய்ய

புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாயிற்று. திரை வருகிறது, கீபோர்டு தட்டினால் எழுத்து விழுகிறது. ஆனால் வைஃபையைக் காணோம். மூடி வைத்த லேப்டாப் பைக்குள்ளேயே சூடாகிறது. காலையில் திறந்தால் பேட்டரி பாதிதான் இருக்கிறது. யாரிடம் கேட்டாலும் "கெர்னலை அப்டேட் பண்ணுங்க" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் பாதிதான். வன்பொருள் ஒழுங்காக ஓட மூன்று தரப்பும் ஒத்துப்போக வேண்டும்: டிரைவர்களை (சாதனங்களை இயக்கும் நிரல்களை) வைத்திருக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், வைஃபை சிப், கிராஃபிக்ஸ் சிப் போன்றவற்றுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்புகள், தாய்ப்பலகையில் உட்கார்ந்துகொண்டு லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ். மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் ஒன்றை மாற்றுங்கள், பாருங்கள், பிறகு அடுத்ததுக்குப் போங்கள். கீழே உள்ள வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

முதலில் இப்போதைய நிலையைக் குறித்து வையுங்கள்

டெர்மினலைத் திறந்து 'யூநேம் -ஆர்' கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண் வரும். 6.8, 6.12 என்று தொடங்கும் அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

அடுத்து 'எல்எஸ்பிசிஐ -என்என்கே'. இந்தக் கட்டளையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், பாதிப் பிரச்சினைக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும். ஒவ்வொரு சாதனத்துக்கும் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் முக்காற்புள்ளியால் பிரிந்திருக்கும். முதல் எண் தயாரிப்பாளர், இரண்டாவது அந்தச் சாதனத்தின் மாடல். இவற்றையும் எழுதி வையுங்கள். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டியின் கிராஃபிக்ஸ். கெர்னல் சாதனங்களை அடையாளம் காண்பது இந்த எண்களை வைத்துத்தான். பெட்டியில் அச்சிட்ட பெயர் அதற்குத் தெரியாது.

சாதனத்துக்குக் கீழே இரண்டு வரிகள் முக்கியம்: 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்', 'கெர்னல் மாட்யூல்ஸ்' (மாட்யூல் என்பது தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் துண்டு). இரண்டும் இருந்தால் டிரைவர் பிடித்துக்கொண்டது, கவலை இல்லை. மாட்யூல்ஸ் வரி மட்டும் இருந்து, இன் யூஸ் வரி இல்லையென்றால், டிரைவர் உங்களிடம் இருக்கிறது, ஆனால் ஏதோ காரணத்தால் சாதனத்தோடு ஒட்டவில்லை. பெரும்பாலும் ஃபர்ம்வேர் கோளாறு. இரண்டு வரியுமே இல்லையென்றால் இந்தக் கெர்னலுக்கு அந்தச் சாதனத்தையே தெரியாது. உண்மையில் புதிய கெர்னல் தேவைப்படுவது இந்த மூன்றாவது நிலையில்தான்.

பேட்டரிக்கும் ஒரு கணக்கு வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரை வெளிச்சத்தை ஒரு அளவில் நிறுத்தி, எந்த நிரலும் ஓடாமல் சில நிமிடம் விடுங்கள். பிறகு 'சிஸ்' ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் பவர்-சப்ளை, அதற்குள் பேட்டரியின் பெயரில் உள்ள ஃபோல்டருக்குப் போய், 'பவர்-நவ்' என்ற கோப்பை 'கேட்' கட்டளையால் படியுங்கள். வரும் எண் மைக்ரோவாட்டில் இருக்கும்: 6500000 என்றால் 6.5 வாட். சில லேப்டாப்களில் இந்தக் கோப்பு இருக்காது. 'கரண்ட்-நவ்', 'வோல்டேஜ்-நவ்' என்று இரண்டு கோப்புகள் இருக்கும். இரண்டையும் பத்து லட்சத்தால் வகுத்துவிட்டுப் பெருக்கினால் வாட் வந்துவிடும். இந்த எண் கையில் இல்லாமல், அப்டேட்டுக்குப் பிறகு "பேட்டரி நல்லா நிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்வதெல்லாம் வெறும் நம்பிக்கைதான்.

ஃபர்ம்வேரைப் பாருங்கள்

கெர்னலின் பதிவைக் காட்டும் 'சூடோ டிமெஸ்ஜி' கட்டளையைக் கொடுத்து, அதில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லை 'கிரெப்' மூலம் தேடுங்கள். ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று ஒரு வரி வந்தால், கோப்பு இல்லை என்று அர்த்தம். கெர்னல் கேட்ட கோப்பின் பெயரும் அதே வரியில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இன்டெல் வைஃபை டிரைவர் தனக்குத் தெரிந்த ஆகப் புதிய ஃபர்ம்வேரை முதலில் கேட்கும். கிடைக்காவிட்டால் அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று இறங்கி வரும். அதனால் -2 வரிகள் சில வந்து, கடைசியில் ஒன்றை ஏற்றிவிட்டதாக ஒரு வரி இருந்தால் எந்தப் பிழையும் இல்லை. பார்த்துப் பதற வேண்டாம்.

ஃபர்ம்வேர் கோப்புகள் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' என்ற தனித் தொகுப்பில் வருகின்றன. உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் மூன்றிலும் அதே பெயர்தான். டெபியன் அதைப் பல சிறு தொகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அவை 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவில் கிடைக்கின்றன. பழைய டெபியனிலிருந்து மேலேற்றியவர்கள் அந்தப் பிரிவு தங்கள் மூலப் பட்டியலில் (தொகுப்புகள் எங்கிருந்து இறங்க வேண்டும் என்ற பட்டியலில்) இருக்கிறதா என்று பாருங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது.

தொகுப்பைப் புதுப்பித்தபின் டெபியன், உபுண்டுவில் பூட் ஆகும்போது முதலில் ஏறும் தொடக்கப் படிமத்தைப் புதுப்பிக்கும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' ஓடியதா என்று உறுதி செய்துகொண்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பூட் ஆகும்போதே தேவைப்படும் கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேர் அந்தத் தொடக்கப் படிமத்துக்குள் போயிருக்க வேண்டும். வைஃபை வந்துவிட்டதா? அப்படியானால் கெர்னலைத் தொடவே தேவையில்லை.

எந்தக் கெர்னல் வேண்டும்?

லினக்ஸின் புதிய பதிப்பு ஏறக்குறைய 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. 6.11, 6.12 என்று இரண்டாவது எண் கூடினால் புது டிரைவர்கள் வந்திருக்கின்றன என்று பொருள். 6.12.5, 6.12.6 என்று மூன்றாவது எண் கூடினால் அது திருத்தம் மட்டுமே. ஆனால் அந்தத் திருத்தங்களோடு புதிய சாதன எண்களையும் சேர்க்க அனுமதி உண்டு. உங்கள் சிப் ஏற்கெனவே உள்ள டிரைவரின் தம்பிதான், எண் மட்டும் புதிது என்றால், மூன்றாவது எண்ணின் அப்டேட்டே போதும். டிரைவரே புதிது என்றால் இரண்டாவது எண் ஏற வேண்டும். மேலே எழுதி வைத்த சாதன எண்ணை இணையத்தில் தேடினால் அது எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் உண்டு. 2022 டிசம்பரில் வந்த 6.1, 2023 அக்டோபரில் வந்த 6.6, 2024 நவம்பரில் வந்த 6.12 எல்லாம் அந்த வகை. லேப்டாப் நன்றாக ஓடுகிறது, மாற்றம் வேண்டாம் என்பவர்களுக்கு இவை போதும்.

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை: உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) தரும் வழியிலேயே போங்கள். உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வைத்திருந்தால், புது வன்பொருளுக்காக வரும் எச்டபிள்யூஇ என்ற பெயர் கொண்ட கெர்னல் தொகுப்பு. டெபியனில் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் பிரிவு. ஃபெடோராவும் ஆர்ச்சும் வழக்கமான அப்டேட்டிலேயே புதிய பதிப்பைத் தந்துவிடுகின்றன. உபுண்டுக்கென்று 'மெயின்லைன்' (டிஸ்ட்ரோவின் மாற்றங்கள் இல்லாத மூலக் கெர்னல்) கட்டமைப்புகளும் கிடைக்கும். ஆனால் அவை சோதனைக்கானவை, கையொப்பம் இல்லாதவை. கையொப்பமிட்டதை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் அவை பூட்டே ஆகாது. அதற்காகச் செக்யூர் பூட்டை அணைத்துப்போடுங்கள் என்று சொல்லும் பதிவுகளை நான் ஏற்பதில்லை. டிஸ்ட்ரோ கையொப்பமிட்ட கெர்னல் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

நிறுவுதலும் பின்வாங்கும் வழியும்

நிறுவுவது ஒரே கட்டளை, அதில் சொல்ல ஒன்றுமில்லை. கவனிக்க இரண்டு விஷயம். நிறுவும் முன் 'டிஎஃப் -எச்' கொடுத்து, பூட் தனிப் பிரிவாக இருந்தால் அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதாமல் தொடக்கப் படிமம் பாதியில் நின்றுபோனால் அந்தக் கெர்னலில் பூட் ஆகாது. இரண்டாவது, என்விடியா டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றின் மாட்யூல்கள் கெர்னலுக்கு வெளியே இருப்பவை. நிறுவியபின், மறுதொடக்கத்துக்கு முன் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் அவை புதிய கெர்னலுக்கும் கட்டப்பட்டுவிட்டனவா என்று தெரியும். கட்டப்படாமல் மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரை வர வாய்ப்புண்டு.

பழைய கெர்னலை மட்டும் நீக்கிவிடாதீர்கள். புதியது தகராறு செய்தால், பூட் ஆகும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கத் தரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். மெனு தெரியவில்லையென்றால் தொடக்கத்தில் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பாருங்கள். புதிய கெர்னலை நம்பத் தொடங்கும் முன்பே ஒரு தடவை இந்த மெனுவைத் திறந்து பழகிக்கொள்வது நல்லது.

மறுதொடக்கத்துக்குப் பின் 'யூநேம் -ஆர்', 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' இரண்டையும் திரும்ப ஓட்டி, எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள்.

பவர் மேனேஜ்மென்ட்: புதிய கெர்னல் என்ன மாற்றியது?

சிபியு வேகத்தை யார் ஆள்கிறார்கள் என்று முதலில் பார்க்கலாம். சிஸ் ஃபோல்டருக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியு, சிபியு0 என்று போனால் வரும் 'சிபியுஃப்ரீக்' ஃபோல்டரில் 'ஸ்கேலிங்-டிரைவர்' என்ற கோப்பு இருக்கும். இன்டெல் என்றால் 'இன்டெல்-பிஸ்டேட்', ஏஎம்டி என்றால் 'ஏஎம்டி-பிஸ்டேட்' என்று தொடங்கும் பெயர் வருவது நல்லது. ஏஎம்டிக்கான இந்த டிரைவர் 5.17இல்தான் கெர்னலுக்குள் வந்தது. வேகத்தைச் சிப்பே முடிவு செய்துகொள்ளும் 'ஆக்டிவ்' முறை 6.3இல் சேர்ந்தது. 6.5 முதல் பொருத்தமான ரைசன்களில் அதுவே இயல்பாக இயங்குகிறது. ஆகவே பழைய கெர்னலில் இருந்து வரும் ஏஎம்டி லேப்டாப்காரர்களுக்கு இங்கே வித்தியாசம் தெரிய நிறைய வாய்ப்பு.

அதே ஃபோல்டரில் 'ஸ்கேலிங்-கவர்னர்' என்ற கோப்பில் 'பவர்சேவ்' என்று இருந்தால், சிபியு எப்போதும் மெதுவாகவே ஓடும் என்று நினைத்துப் பலர் மாற்றப் போகிறார்கள். வேண்டாம். ஆக்டிவ் முறையில் ஓடும் பிஸ்டேட் டிரைவர்களில் பவர்சேவ் என்பது தேவைக்கேற்ப ஏறி இறங்கும் சாதாரண நிலைதான்.

அடுத்தது தூக்கம். சிஸ் ஃபோல்டருக்குள் பவர், அதற்குள் 'மெம்-ஸ்லீப்' கோப்பைப் படியுங்கள். 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற இரண்டில் எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுதான் நடப்பில் உள்ளது. டீப் என்பது ஏசிபிஐ என்ற மின்மேலாண்மைத் தரநிலையின் பழைய எஸ்3 நிலை. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றது எல்லாம் அணைந்துவிடும். எஸ்2ஐடிலில் எதுவும் அணைவதில்லை. எல்லாச் சாதனங்களும் தத்தம் ஆழ்ந்த நிலைக்குப் போக வேண்டும். ஒன்று போகாவிட்டாலும் பேட்டரி கரையும். பைக்குள் லேப்டாப் சூடாவதற்கு வழக்கமான காரணம் இதுதான். பல புதிய லேப்டாப்களின் பயாஸ் எஸ்3ஐத் தருவதே இல்லை. அந்தக் கோப்பில் டீப் என்ற சொல்லே இல்லையென்றால், பூட் அமைப்பில் அதைக் கட்டாயப்படுத்தி எழுதிப் பயனில்லை.

அப்படியானால் எஸ்2ஐடில் உண்மையில் ஆழத்துக்குப் போனதா என்று எப்படி அறிவது? லேப்டாப்பைப் பத்து நிமிடம் தூங்க வைத்து எழுப்புங்கள். பிறகு அதே பவர் ஃபோல்டரில் 'சஸ்பெண்ட்-ஸ்டாட்ஸ்' உள்ளே 'லாஸ்ட்-எச்டபிள்யூ-ஸ்லீப்' என்ற கோப்பைப் படியுங்கள். ஓரளவு புதிய கெர்னல்களில் இது இருக்கும். எண் மைக்ரோ விநாடியில் வரும். 600000000க்குப் பக்கத்தில் இருந்தால் பத்து நிமிடமும் வன்பொருள் நன்றாகத் தூங்கியிருக்கிறது. பூஜ்யம் என்றால் வன்பொருள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவே இல்லை. பக்கத்திலேயே 'லாஸ்ட்-ஃபெயில்டு-டெவ்' என்ற கோப்பும் உண்டு. தூங்கவே மறுத்து முயற்சி முறிந்திருந்தால், முறித்த சாதனத்தின் பெயர் அதில் கிடைக்கும்.

மின்செலவைக் காட்டும் பவர்டாப் நிரலில் எல்லா அமைப்புகளையும் ஒரே தட்டில் 'நல்லது' ஆக்கும் வசதி இருக்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், யூஎஸ்பி மவுஸ் நடு வேலையில் உறங்கிவிடும். மின்சாரத்தைச் சேமிக்கும் நிரல்களான டிஎல்பியையும் பவர்-ப்ரொஃபைல்ஸ்-டெமனையும் சேர்த்து ஓட்டவும் கூடாது, ஒன்று வைப்பதை மற்றது மாற்றும். எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் கடைசியில்

எஸ்2ஐடில் கோளாறுகளில் கணிசமானவை பயாஸிலிருந்தே வருகின்றன. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் 'எஃப்டபிள்யூயுபிடி' நிரலை நிறுவியிருந்தால், 'எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்' கொடுத்துப் பாருங்கள். உங்கள் தயாரிப்பாளர் அதில் கோப்புகளைப் போடுபவராக இருந்தால் லினக்ஸிலிருந்தே பயாஸைப் புதுப்பிக்கலாம். சார்ஜரைச் செருகியபடி செய்யுங்கள், நடுவில் அணைக்காதீர்கள். கெர்னல் மாற்றிய அன்றே இதையும் செய்ய வேண்டாம். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யலாம்.

முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்றால்

பழைய கெர்னலில் பூட் செய்து அங்கே நன்றாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். புதியதில் தகராறு நடந்து தொங்கிப்போயிருந்தால், மறுதொடக்கத்துக்குப் பின் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' கொடுத்து முந்தைய பூட்டின் பதிவை எடுக்கலாம். முன்பு ஓடியதைப் புதிய கெர்னல் கெடுக்கக் கூடாது என்பது லினக்ஸ் உருவாக்குநர்கள் கறாராகப் பிடிக்கும் விதி. அதனால் இந்த மாதிரிப் புகார்களுக்கு மதிப்பு அதிகம். டிஸ்ட்ரோவின் பிழைப் பதிவில் நன்றாக ஓடிய கடைசிக் கெர்னல் எண், கெட்டுப்போன முதல் கெர்னல் எண், சாதன எண், பயாஸ் பதிப்பு, அந்தப் பதிவு ஆகியவற்றை எழுதுங்கள்.

இன்னும் ஒரு படி போக விரும்புபவர்கள் மூல நிரலிலிருந்து கட்டி, 'கிட் பைசெக்ட்' மூலம் தேடலாம். ஒரு பதிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே 10,000க்கும் மேல் மாற்றங்கள் இருக்கும். ஒவ்வொரு தடவையும் பாதியாகப் பிரித்துத் தேடுவதால், 14 தடவை கட்டிப் பூட் செய்தால் கெடுத்த மாற்றம் எது என்று வந்துவிடும். பூட் ஃபோல்டரில் உள்ள உங்கள் டிஸ்ட்ரோவின் அமைப்புக் கோப்பை நகலெடுத்து, 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' ஓட்டித் தொடங்குங்கள். கட்டும் நேரத்தைக் குறைக்க 'லோக்கல்மாட்கான்ஃபிக்' உண்டு. அது அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அதனால் ஓட்டும் முன் வழக்கமாகச் செருகும் யூஎஸ்பி சாதனம், வெளித்திரை, ஹெட்போன் எல்லாவற்றையும் செருகி வையுங்கள்.