"நேரம் கிடைக்கும்போது பார்த்துடுங்க": ஆட்டிசம் உள்ள இளைஞருக்கு அலுவலகப் பேச்சுப் பயிற்சி

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரிடம் மேலாளர் ஒரு பட்டியலை அனுப்பி, "நேரம் கிடைக்கும்போது பார்த்துடுங்க" என்கிறார் என்று வையுங்கள். இளைஞர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். மறுநாள், "ஏன் இன்னும் திருத்தலை?" என்று கேள்வி வருகிறது. பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாகிவிட்டது!

என்னைக் கேட்டால் சொன்ன விதம்தான் பிசகு. ஆனால் சேர்ந்த முதல் மாதத்தில் மேலாளரைத் திருத்த முடியாது. புரியாததைக் கேட்கப் பழகலாம். வணக்கம் சொல்வது, இடைவேளையில் அரட்டை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவை தவறினால் சிறு சங்கடம், இது தவறினால் வேலையே தவறும். வீட்டாரோ சக ஊழியரோ, பயிற்சி கொடுக்க உட்காரும் யாருக்கும் இது பொருந்தும்.

படி 1: மழுப்பல் சொற்களைப் பிடியுங்கள்

ஒரு நோட்டில் இரண்டு பத்திகள்: சொன்னது, அதன் பொருள். "ஒரு நிமிஷம்" என்றால் அறுபது நொடி இல்லை. "பார்க்கலாம்" என்பது பல நேரம் "வேண்டாம்" என்பதன் மரியாதையான வடிவம். "முடிஞ்சா பண்ணுங்க" என்று மேலாளர் சொன்னால் பெரும்பாலும் "பண்ணுங்க" என்றே அர்த்தம். நான்கைந்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள். மீதியை அவர் அலுவலகத்தில் காதில் விழுந்தபடி எழுதிவரட்டும். இந்த வேட்டை சிலருக்கு ரொம்பப் பிடித்துவிடும்.

படி 2: கேள்வி அட்டை

உள்ளங்கை அளவு அட்டையில் மூன்றே கேள்விகள்:

"இதில் நான் என்ன செய்யணும்?"
"எப்போதுக்குள் வேணும்?"
"முடிச்சதும் யாரிடம் சொல்லணும்?"

அட்டையின் பின்பக்கம், ஏன் கேட்கிறோம் என்பதையும் எழுதுங்கள்: "வேலை கொடுப்பவர் அவசரத்தில் சில விவரங்களை விட்டுவிடுவார். கேட்டால் இருவருக்கும் நேரம் மிச்சம்." அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதை முறையின் (ஒரு சூழலில் என்ன நடக்கும், ஏன் என்பதைச் சிறு கதையாக எழுதிக் கொடுப்பது) அடிப்படையும் இதுதான்: கட்டளைகளைக் குறைத்து, சூழலை விவரிப்பதைக் கூட்டுவது. காரணம் தெரியாத விதி இடம் மாறினால் உதவாது.

படி 3: ஒத்திகை

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். நீங்கள் மேலாளர். முதல் சுற்றில் நல்லபடியாகப் பதில் சொல்லுங்கள். இரண்டாவது சுற்றில் போனில் பேசிக்கொண்டிருங்கள், அவர் சற்றுத் தள்ளி நின்று, போனை வைத்ததும், "இப்போ கேட்கலாமா?" என்று தொடங்கணும். மூன்றாவது சுற்றில் சலித்துக்கொள்ளுங்கள்: "இதைக்கூடவா கேட்பாங்க?" இந்தச் சுற்றைத் தவிர்க்காதீர்கள். நிஜத்தில் இப்படி ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டு, அதன்பின் கேட்பதையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இதற்கும் பதில் கையில் இருக்கட்டும்: "தப்பாகச் செய்துவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன்."

முடிந்ததும் "சூப்பர்" என்று மட்டும் சொல்லாமல், "போனை வைக்கும்வரை காத்திருந்தீங்க, அது சரி. எப்போதுக்குள் என்பதை விட்டுட்டீங்க" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்ற பாடம் மட்டும் வேண்டாம். கண்ணைப் பார்க்கும் முயற்சியில் சொன்னது காதில் ஏறவில்லை என்று ஆட்டிசம் உள்ள பலர் சொல்கிறார்கள். குறிப்பேட்டைப் பார்த்தபடி கேட்டால் வேலை கெடாது.

படி 4: எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை

தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012இல் இத்தகைய புரிதல் பிசகை "இரட்டைப் பரிவுச் சிக்கல்" என்று விளக்கினார். புரிந்துகொள்ளத் தவறுவது ஒரு தரப்பு மட்டுமல்ல, மற்றவர்களும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள் என்பது அவர் வாதம். ஆகவே இளைஞர் சம்மதித்தால், மேலாளரிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: வாயால் சொன்ன வேலையை இரண்டு வரி மெசேஜாகவும் அனுப்பணும்.

அவர் அனுப்பாவிட்டால் இளைஞரே அனுப்பலாம். நேரில் வாய் வராத நாட்களுக்கும் இது கைகொடுக்கும். போனில் முன்பே சேமித்து வைக்க ஒரு மாதிரி:

"நான் புரிந்துகொண்டது: பட்டியலில் உள்ள பிழைகளைத் திருத்தி, நாளை 11 மணிக்குள் உங்களுக்கு அனுப்பணும். சரிதானே?"