முதல் பேனாக்கத்தி: வாழ்க்கைத் துணைக்கு வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நான்கு வருடம் முன்பு கல்யாண நாளுக்கு என் மனைவிக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். எனக்குக் கத்திகள் மீது சின்ன வயதிலிருந்தே பிரியம் உண்டு, அந்தப் பிரியத்தில் அவளுக்கும் ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று மனதார நினைத்துத்தான் வாங்கினேன். கறுப்பு அலகு, விரலால் தட்டினால் படக்கென்று திறந்து லாக் ஆகிவிடும், கையில் நல்ல கனம். அவள் அதை ஒரே ஒரு முறை திறந்தாள். "இத எப்படிங்க மூடுறது?" என்று கேட்டாள். பிடிக்குள் இருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அலகை மடக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். அலகு வந்து விழும் பாதையிலேயே என் கட்டைவிரல் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. கத்தி அன்றைக்கே பீரோவுக்குள் போனது, ஒன்றரை வருடம் வெளியே வரவில்லை.

முதல் தவறு அதுதான், எனக்குப் பிடித்த கத்தியை அவளுக்கு வாங்கியது. கத்தி ஆர்வம் உள்ள யாருமே முதலில் இங்கேதான் சறுக்குகிறார்கள். என்ன எஃகு, எப்படித் திறக்கிறது, லாக் எவ்வளவு உறுதி என்று நாம் பார்ப்பதெல்லாம் பத்து கத்தி பழகிய கைக்கு வேண்டியது. முதல் கத்தி வாங்கும் கைக்கு வேண்டியது வேறு.

இரண்டாவது தவறு, நம் துணைக்குக் கத்தியே தெரியாது என்று நினைத்துக்கொள்வது. என் மனைவி அரிவாள்மனையில் உட்கார்ந்தால் கால் கிலோ பீன்ஸை டிவி பார்த்துக்கொண்டே பொடியாக நறுக்கிவிடுவாள், எனக்கு அது இன்னும் வராது. அப்படிப்பட்டவளுக்கு மூன்று அங்குல அலகைக் கண்டு என்ன பயம்? கொஞ்ச நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது. அரிவாள்மனையில் அலகு அசையாது, காய்தான் நகரும். சமையல் கத்தியில் அலகு கையோடு நகர்ந்தாலும் பிடியோடு ஒட்டியே இருக்கும், கூர் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம். மடக்குக் கத்தியில் மட்டும்தான் அலகு நம் விரல்களை நோக்கியே திரும்பி வருகிறது. பயம் கூரைப் பற்றியது அல்ல, அலகு மடங்கும் அந்த மூட்டைப் பற்றியது. வெட்டத் தெரிந்த ஒருவருக்குத் திறக்கவும் மூடவும் மட்டும்தான் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது, ஆகவே கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது அதை மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அதனால் கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆச்சரியப் பரிசாகக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டுதான், ஆனால் செருப்பை எப்படி அளவு பார்க்காமல் வாங்க மாட்டோமோ அப்படித்தான் இதுவும். கையில் கொடுத்துப் பத்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள். அலகில் நகம் மாட்டுவதற்கு ஒரு பள்ளம் இருக்கும், அதில் நகத்தை வைத்து இழுக்கும்போது நகம் வளைகிறது, வலிக்கிறது என்றால் அந்தக் கத்தி வேண்டாம், எவ்வளவு பேர்போன கத்தியாக இருந்தாலும் சரி. ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் திறக்கும்போதும் மூடும்போதும் அளவுக்கு மீறி பலம் கொடுக்க வேண்டிவரும், அப்போதுதான் கை வழுக்கும். திருவிழாக் கடையிலும் பிளாட்பாரத்திலும் கிடைக்கிற பதினொரு கருவி சேர்ந்த சிவப்புக் கத்திகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒரு கருவி நகத்தை உடைக்கும், பக்கத்துக் கருவி தொளதொளவென்று ஆடும், மட்டமான எஃகு என்பதால் கூரும் சீக்கிரமே போய்விடும். பழகியவர் அதைச் சமாளித்துவிடுவார், புதியவரோ தனக்குத்தான் கத்தி சரிப்படவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

சரி, எதைத்தான் வாங்குவது? என் பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் செய்யும் கிளாசிக் எஸ்டி. மடக்கினால் 58 மில்லிமீட்டர், எடை 21 கிராம் அளவு. ஒரு குட்டி அலகு, கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், அதன் நுனியில் சின்ன ஸ்க்ரூடிரைவர், பிடிக்குள் செருகிய ஒரு முள்வாங்கியும் பல்குத்தியும். கத்தி ஆர்வலர்கள் இதைப் பொம்மை என்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்து என் சாவிக்கொத்தில் ஒப்புக்கு மாட்டி வைத்திருந்தேன். அந்தப் பெரிய கத்தி பீரோவில் தூங்கிய ஒன்றரை வருடமும் என் மனைவி இந்தக் குட்டியைத்தான் என் சாவிக்கொத்திலிருந்து எடுத்து எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள், எனக்கு அது கண்ணில் படவே இல்லை. ரவிக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், மாத்திரை அட்டை, பால் பாக்கெட், பார்சல் டேப், புதுத் துணியில் விலைச்சீட்டைக் கோத்திருக்கும் பிளாஸ்டிக் கயிறு. கவனித்துப் பார்த்தால் இதில் முக்கால்வாசி கத்தரிக்கோலின் வேலை. முதல் கத்தியில் கத்தரிக்கோல் இருக்கட்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அலகைத் தொடப் பயப்படுகிறவர்கூட கத்தரிக்கோலைத் தயங்காமல் எடுப்பார், எடுத்து எடுத்துக் கத்தி கைக்குப் பழகிவிடும், பிறகு ஒருநாள் தானாகவே அலகையும் திறப்பார்.

இதைவிடச் சற்றுப் பெரிதாக, ரயிலில் போகும்போது கொய்யாப்பழம் நறுக்கும் அளவுக்கு வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் 91 மில்லிமீட்டர் வரிசை இருக்கிறது. இங்கேயும் ஒரு தவறு நடக்கும், முன்னால் அடுக்கியிருப்பதை எடுத்துவிடுவது. ஸ்பார்டன் மாதிரியில் ஒயின் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கும் திருகு இருக்கும், கத்தரிக்கோல் இருக்காது. அந்தத் திருகு 1897-இல் சுவிஸ் ராணுவ அதிகாரிகளுக்காக அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் எல்சனர் பதிவு செய்த கத்தியிலிருந்து வருவது, நம்மில் பல வீடுகளில் அதற்கு வேலை இருக்காது. (இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க அருமையாக உதவும், அதையும் சொல்லிவிடுகிறேன்.) திருகுக்குப் பதில் நட்சத்திர ஸ்க்ரூடிரைவரும், கூடவே கத்தரிக்கோலும் உள்ளது சூப்பர் டிங்கர். வீட்டில் ரிமோட் மூடி, குழந்தையின் பொம்மை, பிளக் என்று எதையாவது கழற்றி மாட்டுகிறவர் என்றால் அதுதான் சரியான தேர்வு.

இவை எதிலும் லாக் இல்லை, ஸ்பிரிங் மட்டுமே அலகைப் பிடித்து வைத்திருக்கிறது. எனவே முனையால் எதையும் குத்தித் துளைக்கக் கூடாது, அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் மடங்கி விரலில் இறங்கிவிடும். லாக் இருந்தால்தான் பாதுகாப்பு என்று நினைப்பது பாதிதான் உண்மை. லாக் வெட்டும்போது காப்பாற்றும், மூடும்போது புதியவரைக் குழப்பும். லாக் கட்டாயம் வேண்டும் என்றால் பிரான்ஸின் சவோய் மலைநாட்டு ஒபினெல் கத்தியைச் சொல்வேன். ஜோசஃப் ஒபினெல் 1890-இல் தொடங்கி வைத்தது. மரப்பிடி, ஒற்றை அலகு, மூட்டைச் சுற்றி ஒரு உலோக வளையம், அவ்வளவுதான். 1955-இல் சேர்த்த அந்த வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் பூட்டும், மறுபக்கம் திருப்பினால் திறக்கும், பூட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம், மூடும்போது எந்த விரலும் அலகின் பாதையில் போக வேண்டியதில்லை. எண் 6 என்பது ஏழு சென்டிமீட்டர் அளவு அலகு, சின்னக் கைக்குப் போதும். ஒபினெலில் கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் இரண்டும் உண்டு. எலுமிச்சையும் மாங்காயும் நறுக்குகிற நம் வீட்டில் கார்பன் அலகு இரண்டே நாளில் கறுத்துப்போகும், துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும், ஆகவே ஸ்டெயின்லெஸ்ஸையே கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறி அலகு இறுகிக்கொள்வதும் உண்டு. அப்போது நகத்தால் மல்லுக்கட்டாமல், வளையம் பூட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும்.

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாக் இல்லாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைத்தான் அங்கே காரணம் எதுவும் சொல்லாமல் வெளியே எடுத்துப்போக முடியும். லாக் இருந்தால், சின்ன ஒபினெலாக இருந்தாலும், தக்க காரணம் வேண்டும்.

அப்புறம், "ராத்திரி தனியா வர்றா, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பதற்றத்தில் கைப்பையைத் துழாவி, நடுங்கும் விரலால் திறக்கிற ஒரு கத்தி, எதிராளியின் கைக்கு மாற ஒரு நொடி போதும். அதைவிட, அந்த எண்ணத்தோடு கொடுத்த கத்தியை அவர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆபத்துதான் நினைவுக்கு வரும், பழம் நறுக்க மனசு வராது.

கைப்பையில் நிரந்தரமாகப் போட்டு வைப்பதும் தவறு. நம் நாட்டில் விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பையில் கத்திக்கு இடமில்லை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும். மறந்துபோய்ச் சோதனையில் அகப்பட்டால் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான், அப்படி எனக்கு ஒன்று போயிருக்கிறது. பயணம் என்றால் முந்தைய நாளே எடுத்து, செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள். மெட்ரோ, பெரிய கடைகள், சில கோயில்களின் வாசலிலும் பையைப் பார்ப்பார்கள்.

புதியவர்தானே, கொஞ்சம் மொண்ணையாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. நேர் எதிர். மொண்ணைக் கத்தியை அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தாளில் வைத்து இழுத்தால் சத்தமில்லாமல் கிழிக்கும் கூர் வேண்டும். ஆனால் இந்தச் சின்னக் கத்தியைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவர் கை நன்றாகப் பேசும், இவ்வளவு மெல்லிய அலகோ அந்தச் சக்கரத்தின் சூட்டில் பதம் இழந்துவிடும், பாதி தேய்ந்தும் போகும். வீட்டில் ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதில் அலகைப் படுக்கையிலிருந்து 15 முதல் 20 டிகிரி மட்டும் தூக்கி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை இழுத்தால் போதும்.

கடைசியாக, சொல்லிக்கொடுப்பதில் நடக்கும் தவறு. அவர் திறக்கத் தடுமாறும்போது "கொடு, நான் பண்றேன்" என்று பிடுங்காதீர்கள். நான் பிடுங்கியிருக்கிறேன், அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் என் முன்னால் கத்தியைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய செய்தித்தாள், கொஞ்சம் சணல் கயிறு, ஒரு ஆப்பிள் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்காருங்கள். உள்ளங்கையால் பிடியைத் தாங்கி, விரல்கள் எதுவும் அலகு வந்து விழும் பள்ளத்தின் மேல் வராமல், அலகின் முதுகை மறு கையால் தள்ளி மூடுவது, அதை மட்டும் முதலில். வெட்டுவது அவருக்கே தெரியும்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, எடுத்துக்கொள்கிறேன் என்று என் அம்மா சொல்வார். மடக்குக் கத்திக்கு அந்தப் பழக்கம் அப்படியே பொருந்தும். எங்கள் வீட்டில் இப்போதும் மடக்கித் தரையில் வைக்கிறோம், மற்றவர் எடுத்துக்கொள்கிறோம். போன தீபாவளிக்கு அவளே கடையில் நாலைந்தைத் திறந்து மூடிப் பார்த்து ஒபினெல் எண் 6 ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நான் அதற்கு முன்பே வேறொன்றைக் காட்டியிருந்தேன், அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்பிரிங் இறுக்கமா இருக்குங்க என்று திருப்பி வைத்துவிட்டாள்.