கூடார விறகடுப்பு: 850 கிராமில் நான் விட்ட பிழை

போன மாசியில் கனடாவின் அல்கொன்குயின் பூங்காவுக்குள் ஒரு சின்ன ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். எங்களோடு இரண்டு தம்பிமார் முதல் தடவையாக வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் பையிலிருந்து தட்டையான ஒரு பொதியை எடுத்து என் கையில் வைத்தார். "அண்ணை, குழாயோட சேர்த்து 850 கிராம்தான். தூக்கிப் பாருங்கோ."

மடித்து வைத்த டைட்டேனியம் அடுப்பு. அந்தப் பாரம் என் கைக்கு நல்ல பழக்கம். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நானும் அதே மாதிரி ஒன்றைத்தான் ஆசை ஆசையாக வாங்கினேன். பொழுதுபடுகிற நேரத்தில், கடை கண்ணி இல்லாத காட்டுக்குள் வைத்து அதைப் பற்றிச் சொல்லி என்ன பயன் என்று பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு வாள் இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், தம்பி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் அளவு பனியில் நின்று, −23 பாகைக் குளிரில் விறகு அரிந்துகொண்டிருந்தார். நான் போய் மரத்தின் மற்ற முனையைப் பிடித்தேன். அரிந்து முடிக்கும் வரை அவரோடு நின்றபோது நினைத்தவைதான் இவை.

கூடாரத் துணியை அடுப்பில் முட்ட விடாதே, பிளாஸ்டிக்கை எரிக்காதே என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் விடுகிற பிழைகள் வேறு.

கிராமைப் பார்த்து வாங்குவது

அடுப்பு விற்கிறவர்கள் முதலில் போடுவது எடையைத்தான். நாமும் முதலில் பார்ப்பது அதைத்தான். டைட்டேனியம் உருக்கை விட மிகவும் பாரம் குறைந்தது. ஒரு கன சென்ரிமீற்றர் உருக்கு 8 கிராமுக்குக் கிட்ட வரும், டைட்டேனியம் 4.5 கிராம்தான். அதனால் நல்ல பெரிய அடுப்பையே 2 கிலோவுக்குள் செய்துவிடலாம். ஆனால் 850 கிராமுக்கு இறக்க வேண்டுமென்றால் உலோகத்தை மாற்றினால் போதாது, எரிபெட்டியையே சின்னதாக்க வேண்டும். அங்கேதான் நாம் அகப்படுகிறோம்.

என் முதல் அடுப்பின் எரிபெட்டி 20 சென்ரிமீற்றர் நீளம், அகலமும் உயரமும் 13. கணக்குப் பார்த்தால் மூன்றரை லீற்றர்கூட இல்லை. இப்போது வைத்திருப்பது 38 சென்ரிமீற்றர் நீளம், அகலமும் உயரமும் 20. அது 15 லீற்றர். குழாயோடு சேர்த்து இதன் எடை 2.2 கிலோ. அதாவது 1,350 கிராம் கூடச் சுமந்தால் நாலு மடங்குக்கு மேல் விறகு கொள்ளும் பெட்டி கிடைக்கிறது. இந்தக் கணக்கை அந்த நாளில் யாராவது எனக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

காட்டில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். 1.8 மீற்றர் நீளமான காய்ந்த மரம் ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். பெரிய அடுப்புக்கு 36 சென்ரிமீற்றர் துண்டுகளாக அரிந்தால் போதும்: நாலு வெட்டு. சின்ன அடுப்புக்கு 18 சென்ரிமீற்றராக அரிய வேண்டும்: ஒன்பது வெட்டு. அதோடு முடியவில்லை. சின்ன அடுப்பின் கதவு என் உள்ளங்கை அகலம்தான். கைமொத்தத்துக்கு மேல் எதுவும் உள்ளே போகாது. ஆகவே அரிந்த ஒவ்வொரு துண்டையும் நாலாக, சில வேளை ஆறாகப் பிளக்க வேண்டும். ஒரே மரத்துக்கு வேலை மூன்று மடங்கு.

அப்படிப் பிளந்த சிராய் சடசடவென்று எரிந்து முடிந்துவிடும். என் சின்ன அடுப்பு ஒரு நிரப்பில் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் நின்றது. சனவரியில் அங்கே 15 மணி நேரம் இருட்டு. அந்த முதல் பயணத்தில் நான் தூங்கவேயில்லை என்று சொல்லலாம். நெருப்புக் குறையும்போது மெல்லிய தகடு சுருங்கி டிக், டிக் என்று சத்தம் போடும். அரைத் தூக்கத்திலும் அந்தச் சத்தத்துக்குக் கண் முழித்துப் பழகிவிட்டது. முழித்துக் கதவைத் திறந்தால் பெட்டியின் மூலையில் இரண்டு தணல், அவ்வளவுதான். கையுறையைக் கழற்றி, பேர்ச் பட்டையை உரித்து, ஊதி ஊதி மறுபடி மூட்ட வேண்டும். மூன்றாம் நாள் விடிய என் கைகள் வீங்கி, விரல்களை மடக்க முடியவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே திரும்பினோம். அடுப்புக்குக் கொடுத்த காசும் போய், வருடம் முழுக்கச் சேர்த்த லீவும் போனது. இன்றைக்கும் அந்த அடுப்பைப் பார்த்தால் மனம் கசக்கும்.

பூங்காவுக்குள் கீழே விழுந்து காய்ந்த விறகைத்தான் எடுக்கலாம், நிற்கும் மரத்தில் கை வைக்கக் கூடாது. பனிக்குள் புதைந்தது ஈரமாக இருக்கும். பனிக்கு மேலே, வேறு மரத்தில் சாய்ந்து கிடப்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படித் தேடி எடுத்ததைத் துண்டு துண்டாக்கிக் காற்றில் விடுகிற அடுப்பு எதற்கு?

இன்னொன்றையும் யோசியுங்கள். குளிர்காலத்தில் நாங்கள் முதுகில் சுமப்பது குறைவு. பெரும்பாலும் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டுதான் போகிறோம். உறைந்த ஏரியில் ஒரு கிலோ கூடினால் இடுப்புக்கு அது தெரிவதே இல்லை. வடக்கே கிரீ, இன்னு என்ற பூர்வகுடி மக்கள் துணிக் கூடாரத்தையும் தகர அடுப்பையும் டொபோகன் என்ற தட்டையான சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு குளிர்காலத்தில் பயணித்தவர்கள். விறகு அரியும் நேரமும் பயணத்தின் செலவுதான் என்று அப்படி வாழ்ந்தவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

சின்ன அடுப்பு முழுக்க வீண் என்று நான் சொல்லவில்லை. ஐப்பசியில் தனியாக, முதுகுப்பையோடு நடந்து போய், மாலையில் ஈரச் சப்பாத்தைக் காயவைத்து ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுத் தூங்குவதற்கு அது அருமையான பொருள். பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பேர் படுப்பதற்குத்தான் அது காணாது. வாங்கும்போது எடையை மூடி வைத்துவிட்டு இரண்டை மட்டும் கேளுங்கள்: எத்தனை சென்ரிமீற்றர் விறகு உள்ளே போகும்? கதவின் வாய் எவ்வளவு? என் கணக்கில் குளிர்காலத்துக்கு 35 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் வேண்டாம்.

அடுப்பை நம்பித் தூக்கப்பையைக் குறைப்பது

அடுப்பு இருக்கிறதுதானே என்று மெல்லிய தூக்கப்பையோடு வருகிறார்கள். பெரிய அடுப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகம் நிற்காது. அணைந்தால் மெல்லிய நைலோன் கூடாரத்துக்குள் சூடு தங்காது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். அடுப்பே இல்லை என்று நினைத்துத் தூக்கப்பை எடுங்கள். நான் படுக்கும் முன் அடுப்பை அணையவிட்டு, விடிய நாலரைக்கு மூட்டுகிறேன். அதற்கான சிராயும் பட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இரவே இருக்க வேண்டும்.

புதுக் குழாயைக் கூடாரத்துக்குள் முதன்முதல் எரிப்பது

பாரம் குறைந்த அடுப்புகளோடு வருவது சுருட்டுக் குழாய்: மெல்லிய தகட்டுச் சுருளை நீளவாக்கில் சுருட்டி, வளையங்கள் போட்டு நிறுத்துவது. முதல் தடவை அது ஒரு பிடிவாதக்காரப் பாம்பு மாதிரி கையை விட்டுத் துள்ளும். பனிக்காற்றில் நின்று பழகுகிற வேலை இல்லை அது. இரண்டு பேராக, வீட்டு வளவிலேயே சுருட்டிப் பூட்டி, ஒரு மணி நேரமாவது நல்ல நெருப்பு விடுங்கள். தொழிற்சாலை எண்ணெய் எரிந்து நாறும். அது உங்கள் நெஞ்சுக்குள் போகாமல் வெளியே போகட்டும். டைட்டேனியம் பொன்னிறமாகி, ஊதாவாகி, நீலமாகும். பயப்பட வேண்டாம். அந்தச் சூட்டில்தான் தகடு வட்டமாக நிற்கப் பழகும். அடுத்த தடவை அதே பக்கமாகச் சுருட்டினால் தானாக வந்து உட்காரும். எந்தப் பக்கம் என்று ஒரு மூலையில் கீறி அடையாளம் வைத்துவிடுங்கள்.

விளிம்பு சவர அலகு. தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

துத்தநாகம் பூசிய குழாய்

மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். சூடேறினால் வரும் புகை நஞ்சு.

தீப்பொறி வலையைத் தட்டாமல் விடுவது

குழாயின் உச்சியில் ஒரு கம்பி வலை இருக்கும். தீப்பொறி பறந்து கூடாரத்தில் ஓட்டை போடாமல் அது தடுக்கும். வலை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஈர விறகை அடக்கி எரித்தால் தார் போன்ற கறுப்புப் படிவு அதில் ஒட்டி அடைத்துவிடும். குழாய் ஒடுக்கமாக இருந்தால் இன்னும் கெதியாக அடைக்கும். ஒரு தடவை எனக்கு மூன்றாம் நாள் இரவு இப்படி நடந்தது. கதவு இடுக்கால் புகை மெல்லத் திரும்பி வந்தது. விறகு ஈரம் என்று நினைத்துக் கூடாரத்தை இன்னும் இறுக்கி மூடினேன். தலையிடி தொடங்கியது. அப்போதுதான் காபன் மொனொக்சைட் அலாரம் கத்தியது. இரண்டு பேரும் சப்பாத்துக்கூடப் போடாமல் பனிக்குள் ஓடினோம்.

காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் அது ஒட்டுகிற வலிமை ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல். ஆகவே கொஞ்சம் இருந்தாலே போதும். அலாரம் வாங்கும்போது எந்தக் குளிர் வரைக்கும் அது வேலை செய்யும் என்று பெட்டியில் பாருங்கள். வீட்டுக்கென்று செய்தவை பல உறைநிலைக்கு மேலேதான் உத்தரவாதம் தருகின்றன. பற்றரி லித்தியமாக இருக்கட்டும், சாதாரண பற்றரி குளிரில் சோர்ந்துவிடும். கூடாரத்தின் அடியில் ஒரு பக்கமும் உச்சியில் ஒரு பக்கமும் காற்றுக்குத் திறந்தே இருக்க வேண்டும். சூடு போகிறது என்று கூடாரத்தின் அடிவிளிம்பில் தொங்கும் பாவாடைத் துணியைச் சுற்றிவரப் பனியால் மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தினமும் காலையில், அடுப்பு ஆறியதும், குழாயை இறக்கித் தட்டி, வலையை ஒரு குச்சியால் சுரண்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

குழாயில் அடைப்புத் தகடு இல்லாத அடுப்பு

வாங்காதீர்கள். குழாயைப் பாதி மூடி இழுவையைக் குறைக்கிற அந்தத் தகடு இல்லாவிட்டால் சூடு முழுக்க வானத்துக்குப் போகும்.

பனிமேல் நேரே வைப்பது

காலையில் தம்பிமாரின் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பின் இரண்டு கால்கள் பனியை உருக்கி ஒரு சாண் இறங்கியிருந்தன. பெட்டி சரிந்து, குழாய், அது வெளியே போகும் துளையைச் சுற்றித் துணியில் தைத்த சூடு தாங்கும் காப்பு வளையத்தில் சாய்ந்து நின்றது. இன்னும் ஒரு மணி நேரம் எரிந்திருந்தால் வளையத்தையும் தாண்டி நைலோனில் முட்டியிருக்கும்.

விழுந்து கிடந்த ஈரமான மேப்பிள் மரம் ஒன்றிலிருந்து தொடை மொத்தத்தில் இரண்டு கட்டைகளை அரிந்தோம். பனியை மிதித்து இறுக்கி, அரை மணி நேரம் உறையவிட்டு, கட்டைகளைப் பக்கத்துப் பக்கமாகப் பதித்து, மேலே அடுப்பை நிமிர்த்தி வைத்தோம். சின்னவர் குழாயைக் கண்ணால் மட்டம் பார்த்து நேராக்கினார். மற்றவர் என் அடுப்பின் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, விரல்களால் சாண் சாணாக நீளத்தை அளந்துகொண்டிருந்தார்.