குர்பானிக் கறி: வெயில் இருந்தால் கொடியில், மழையென்றால் கொழுப்பில்

ஹஜ்ஜுப் பெருநாளில் இறைவனுக்காக அறுக்கும் குர்பானியில் ஏழைகள் பங்கும் உறவுக்காரர், அக்கம்பக்கத்துப் பங்கும் போய்ச் சேர்ந்தபின் வீட்டுக்கு நிற்கும் கறியில்தான் உப்புக்கண்டம், அதாவது உப்பும் மசாலாவும் பிசறிக் காயவைக்கும் கறி, போட வேண்டும். பங்கு பிரிக்கும் முன்பே நல்ல தொடைக்கறியை ஒதுக்கி வைப்பது முறையல்ல. மதீனாவுக்கு ஒரு வருடம் ஏழைகள் வந்து சேர்ந்தபோது, குர்பானிக் கறியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். பிறகுதான் உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். ஊரில் தேவை கூடிய வருடம் சேமிப்புப் பங்கு குறைய வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நேர்ச்சை செய்த குர்பானி என்றால் அதை நேர்ந்தவர் உண்ணக் கூடாது. அதில் உப்புக்கண்டத்துக்கே இடமில்லை.

ஒரு கிலோ எலும்பில்லாத தொடைக்கறிக்குக் கல்லுப்பு 60 கிராம், காய்ந்த மிளகாய் 15, உரித்த பூண்டு 12 பல், மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி. தண்ணீர் விடாமல் அரைத்துக்கொள்ளுங்கள். கறியில் வெள்ளைக் கொழுப்பும் சவ்வும் ஒட்டியிருக்கக் கூடாது. கொழுப்பு காயாது, பத்தே நாளில் காறல் வாடை அடித்து ஜாடி முழுவதையும் கெடுத்துவிடும். சதை இழை போகும் போக்கிலேயே சுண்டுவிரல் கனத்தில் நீளவாக்கில் அரியுங்கள். கறி நிறையக் கிடைக்கிறதே என்று மொத்தையாக வெட்டினால் மேல்புறம் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். பெரும்பாலும் நாற்றம் எடுப்பது இதனால்தான்.

அரிந்த கறியைத் துணியால் ஒற்றி, மசாலாவைப் பிசறி, அன்று ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். சாயங்காலம் கொடியில் கட்டவே கூடாது. மறுநாள் காலை வெயில் ஏறியதும் கோணி ஊசியால் சணலில் கோத்து, துண்டுக்குத் துண்டு ஓர் அங்குலம் இடைவெளி விட்டு முற்றத்தில் கட்டுங்கள். ஒன்றையொன்று தொட்டால் தொட்ட இடம் பிசுபிசுக்கும். முதல் நாள்தான் ஆபத்து. மேல் ஈரம் வற்றும்வரை ஈ மொய்க்கும், முட்டையிட்டால் மறுநாளே புழு. வெள்ளை வேட்டித் துணியோ கொசுவலையோ கறியில் படாமல் சுற்றிக் கட்டி, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். காரைக்குடி, தேவகோட்டை வெயிலுக்கு நாலைந்து நாள் போதும்; தொண்டிப் பக்கம் கடற்காற்றில் ஈரம் இருப்பதால் இரண்டு நாள் கூடும். ஒரு கிலோ ஏறக்குறைய 350 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். வளைத்தால் விரிசல் விட வேண்டும். நடுவில் மெத்தென்று அமுங்கினால் இன்னும் காயவில்லை.

மொராக்கோ வீடுகளிலும் பெருநாள் முடிந்ததும் மொட்டைமாடிக் கொடிகளில் கறி தொங்கும். அங்கே அதற்குக் கத்தீத் என்று பெயர். உப்பு, பூண்டு, சீரகம், மல்லியோடு ஆலிவ் எண்ணெயும் தடவுவார்கள். வறண்ட காற்றில் அது சரிப்படும். நம்மூரில் எண்ணெய் தடவினால் ஈரம் வெளியேறத் தாமதமாகும், வேண்டாம். அப்படி எடுத்து வைத்ததை முஹர்ரம் பத்தாம் நாள், ஆஷூராவுக்குக் கூஸ்கூஸோடு (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை) சமைப்பார்கள். பெருநாளிலிருந்து சரியாக ஒரு மாதம்.

பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2025இல் ஜூன் 7 என்பதால் வெயிலுக்குக் குறைவில்லை. 2011இல் நவம்பர் 7, 2012இல் அக்டோபர் 27. ஐப்பசி அடைமழையில் கொடி கட்டுவது வீண். அந்த மாதிரி வருடத்துக்குத் கறியைக் கொழுப்பிலேயே வேகவைத்துச் சேமிக்கும் துருக்கிக்காரர்களின் கவுர்மாதான் கைகொடுக்கும்.

ஒரு கிலோ கறிக்கு 200 கிராம் கொழுப்பு. அவர்கள் செம்மறியின் வால் கொழுப்பைப் போடுவார்கள். நமக்கு வெள்ளாட்டின் வயிற்றுக் கொழுப்பு போதும். கனத்த சட்டியில் கொழுப்பை உருக்கி, சிறு துண்டாக வெட்டிய கறியைப் போட்டு மூடி, சிறு தீயில் வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. கறி தானே நீர் விட்டு அதிலேயே வேகும். ஒன்றரை மணி நேரத்தில் நீர் வற்றி, கொதிக்கும் சத்தம் போய்க் கொழுப்பு பொரியும் சத்தம் கேட்கும். அப்போதுதான் 15 கிராம் உப்பு. சூடாகவே உலர்ந்த ஜாடியில் அமுக்கி, மேலே ஒரு விரற்கடை கொழுப்பு நிற்க ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அடியில் நீர் தங்கியிருந்தால் மேலே கொழுப்பு மூடியிருந்தும் கெடும். மலேசிய வீடுகளில் மாட்டுக்கறி ரெண்டாங் தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரியும்வரை கிளறப்படுவதும் இதே காரணத்துக்குத்தான்.

உப்புக்கண்டத்தைக் காற்றுப் புகாத பீங்கான் ஜாடியில் போட்டு, மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். வெண்பூஞ்சை தெரிந்தால் துடைத்துச் சாப்பிட நினைக்காமல் தூக்கி எறியுங்கள். சமைக்கும்போது வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அம்மியில் தட்டி நார் பிரித்து, நல்லெண்ணெயில் சிறு தீயில் பொரித்தெடுங்கள். தீ கூடினால் மிளகாய் கருகிக் கசக்கும்.