காலித் தோட்டா பிஸ்டலில் சிக்குதா? ஸ்பிரிங் வாங்கும் முன் கையைப் பாருங்கள்

போன வருஷம் தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காட்டுப் பக்கம் இருக்கிற ரேஞ்சில் என் புது 9 மில்லிமீட்டர் பிஸ்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேகசினுக்கு ஒன்றிரண்டு காலித் தோட்டா, அதாவது சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடு, வெளியே விழாமல், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்கும் குழலுக்கும் (பேரல்) நடுவே புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். இதைத்தான் ஸ்டவ்பைப் என்பார்கள்.

துப்பாக்கிதான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். ஆயில் மாற்றினேன். ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமானதாக வாங்கிப் போட்டேன், சிக்கல் கூடிவிட்டது. ரிப்பேர்காரர் ஒருவர் எதையோ தேய்த்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார். கடைசியில் சாட்ஸ்வர்த்தில் இருந்து வந்த என் அக்கா, அவளும் லைசென்ஸ் உள்ளவள், "குடுடா இப்படி" என்று வாங்கினாள். என் கையில் பாதிகூட இருக்காது அவள் கை. பதினைந்தையும் சுட்டாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. பின்னால் நின்ற ரேஞ்ச் ஆபீசர் சிரித்தார்.

காம்பிடன்சி சர்டிபிகேட்டும் லைசென்சும் வாங்கி, இப்போதுதான் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

சுட்டதும் ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. அதில் இருக்கும் சின்னக் கொக்கி, அதாவது எக்ஸ்ட்ராக்டர், காலித் தோட்டாவின் விளிம்பைப் பிடித்துக் கூடவே இழுத்து வருகிறது. அடிச்சட்டத்தில் அசையாமல் நிற்கும் எஜெக்டர் மறுபக்கத்தில் முட்டுகிறது. ஒரு பக்கம் கொக்கி, மறு பக்கம் முட்டு; தோட்டா சுழன்று ஜன்னல் வழியாக வெளியே பறக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, போகிற வழியில் அது மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது.

இதில் கைக்கு என்ன வேலை? உண்டிவில்லை நினைத்துப் பாருங்கள். ரப்பரை இழுக்கும்போது கவட்டை பிடித்த கையும் கூடவே பின்னால் வந்தால் ரப்பர் இழுபடுமா? அதே கதைதான். மணிக்கட்டு தொய்ந்து பிஸ்டல் முழுவதும் பின்னால் சாய்ந்தால், ஸ்லைடு போகவேண்டிய தூரத்தை வேகத்தோடு போகாது. எஜெக்டரில் அடி மெதுவாக விழும். தோட்டா சோம்பலாகக் கிளம்பி, திரும்பி வரும் ஸ்லைடில் மாட்டிக்கொள்ளும்.

முதல் படி: சிக்கினால் என்ன செய்வது?

குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டத் திரும்பவே கூடாது. ரேஞ்சில் நான் பார்த்த ஆபத்துகளில் பாதி இப்படித்தான் வந்தது. விரலை ட்ரிக்கரில் இருந்து எடுங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள். பெரும்பாலும் காலித் தோட்டா தானாகவே விழுந்துவிடும். தோட்டா அமரும் இடமான சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள்.

"டப்" என்று வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால் மட்டும் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்று போனால் பேரல் வெடிக்கலாம். நிறுத்திவிட்டு ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். க்ளிக் என்று மட்டும் கேட்டு வெடிக்காமல் போனால், குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி பொறுத்திருந்து அப்புறம் வெளியே எடுங்கள்.

இரண்டாம் படி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நான் ஆயில், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினேன். எது என்ன செய்தது என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டா, எத்தனையாவதில் சிக்கியது, மற்ற காலித் தோட்டாக்கள் எங்கே விழுகின்றன என்று குறியுங்கள். பெரும்பாலான பிஸ்டல்களில் அவை வலப்பக்கம், சற்றுப் பின்னால், ஓரிரு மீட்டர் தள்ளி விழ வேண்டும். ஒன்று காலடியில், ஒன்று நெற்றியில் என்று இஷ்டத்துக்கு விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

முதலில் ஆளை மாற்றுங்கள். அதே பிஸ்டல், அதே தோட்டா. அனுபவசாலி ஒருவர் ரேஞ்ச் ஆபீசர் முன்னால் சுடட்டும். அவருக்குச் சிக்கவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் உங்கள் கைதான். அவருக்கும் சிக்கினால் தோட்டாவை மாற்றுங்கள். வலு குறைந்த 115 கிரெய்ன் (குண்டின் எடை) பயிற்சித் தோட்டா சில பிஸ்டல்களுக்கு, அதுவும் ஸ்பிரிங் புதுசாக விறைப்பாக இருக்கும்போது, போதாது. 124 கிரெய்ன் போட்டதும் ஒழுங்காக ஓடும். தற்காப்பு லைசென்சில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதனால் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

இன்னொரு எளிய சோதனை: மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது முழுத்தூரம் வரவில்லை. அல்லது ஸ்லைடைப் பூட்டி நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பை உங்கள் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டுமே இருந்தது.

நம் ஊர்ப் போலீஸ் இடுப்பில் இருக்கும் இசட்88, பெரெட்டா 92 மாதிரியில் இங்கேயே செய்தது. அதன் ஸ்லைடு மேலே திறந்தே இருக்கும், ஸ்டவ்பைப் அபூர்வம். அதை வைத்துப் பழகியவர் "எனக்கெல்லாம் சிக்கினதே இல்லை" என்றால் ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: பிடி

காலி பிஸ்டலை வைத்துப் பழகுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கட்டும்.

வலக்கையை மேலே, மேலே கொண்டு போங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சவ்வு, பிடியின் பின்பக்கத்தில் மேலே இருக்கும் வளைவுக்குள் இடைவெளி இல்லாமல் அமர வேண்டும். ஆனால் ஸ்லைடு ஓடும் பாதையில் சதை ஏறக் கூடாது, கிழித்துவிடும். பிடியின் இடப்பக்கம் இப்போது கொஞ்சம் வெற்றிடம் தெரிகிறதா? இடது உள்ளங்கையின் அடிப்பாகத்தை அங்கே ஒட்டுங்கள். இடது விரல்கள் வலது விரல்களின் மேல், ட்ரிக்கர் கார்டுக்குக் கீழே நெருக்கமாக.

அக்கா எனக்குத் திருத்தியது இதற்கு அடுத்தது. என் இடது மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரல் இலக்கைக் காட்டுகிற மாதிரி முன்னால் சாய்த்தாள். அப்படிச் சாய்த்தால் மணிக்கட்டு தானாகப் பூட்டிக்கொள்கிறது. செய்து பாருங்கள், முன்கை நரம்பு இறுகுவது தெரியும். இடக்கை இறுக்கிப் பிடிக்கட்டும், வலக்கை கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் ட்ரிக்கர் விரல் சுதந்திரமாக நகரும். முழங்கையை லேசாக மடக்கி, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து நில்லுங்கள். கை நடுங்க நடுங்கப் பிசைய வேண்டியதில்லை.

சரியா என்று பார்க்க, முன்சைட்டுக்குப் பக்கத்தில் ஸ்லைடு மேல் ஒரு நாணயத்தை வைத்து ட்ரிக்கரை அழுத்துங்கள். விழாமல் இருக்க வேண்டும். தினமும் பத்து நிமிஷம் போதும்.

நான்காம் படி: துடைப்பது

டர்பன் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு, துரு சீக்கிரம் வரும். அதற்குப் பயந்து ஆயிலை ஊற்றினால் கரியும் ஆயிலும் சேர்ந்து பசையாகும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். ஸ்லைடைக் கழற்றி, ஒரு காலித் தோட்டாவை மட்டும் கொக்கிக்குள் சொருகி லேசாக ஆட்டுங்கள். விழாமல் நின்றால் கொக்கிக்குப் பிடி இருக்கிறது. விழுந்தால், அல்லது எஜெக்டர் முனை தேய்ந்தோ வளைந்தோ தெரிந்தால், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் நோட்டோடு போங்கள். நீங்களே அரத்தால் ராவாதீர்கள்.

இந்த ஜனவரியில் மறுபடி சிக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை நேராக அக்காவிடம் கொடுத்தேன். அவளுக்கும் மூன்றாவதிலேயே சிக்கியது. மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து கொக்கியடியில் ஊசியால் நெம்பியபோது, கடுகில் பாதி அளவு பித்தளைச் சீவல் ஒன்று விழுந்தது. அதைத் தாளில் மடித்து அவளிடம் காட்டினேன். "சரி, இந்தத் தடவை உன் கை தப்பிச்சது" என்றாள்.